மீன் தொட்டியைக் கழுவப் போய் மீனை இழக்காதீர்கள்

ரமழானின் கடைசிப் பத்தில் ஓர் இரவு. தராவீஹ் முடிந்து வீடு திரும்பிக் கொண்டிருக்கையில் கம்பளையில் புடவைக்கடை நடத்தும் சகோதரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பெருநாள் வியாபாரத்துக்காகக் கடையைத் துப்புரவாக்கியபோது வாசலில் இருக்கும் மீன் தொட்டியையும் கழுவியிருக்கிறார்கள்.

“நானா, நேத்து தொட்டிய சோக்கா கழுவி வெச்ச. இண்டைக்கு அஸருக்குப் பாத்தா எல்லா மீனும் செத்து மெதக்குது. ஆராவது நஞ்சு கிஞ்சு போட்டிருப்பாங்களா?”

எதனால் கழுவினீர்கள் என்று கேட்டேன். சவர்க்காரத்தூள் என்றார். பில்டருக்குள் இருக்கும் ஸ்பொஞ்சை என்ன செய்தீர்கள் என்றேன். கடைப் பொடியன் பைப்புக்கு அடியில் பிடித்து வெள்ளையாகும் மட்டும் கழுவினானாம். பழைய தண்ணீர்? முழுவதையும் ஊற்றிவிட்டு அப்போதே குழாய்த் தண்ணீரை நிரப்பி, வாளியில் இருந்த மீன்களை விட்டிருக்கிறார்கள். அதற்கு முன் எப்போது கழுவினீர்கள் என்றதற்கு, “போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு” என்று பதில் வந்தது.

செத்தவற்றுள் நான்கு வருடமாக வளர்த்த ஒஸ்கார் மீன் ஒன்றும் இருந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் உம்மாமாரை அந்தக் கடைக்கு இழுத்து வருவார்களாம். யாரும் நஞ்சு போடவில்லை என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

இருபது வருடங்களுக்கு மேலாக அலங்கார மீன்களும் அவற்றுக்கான உபகரணங்களும் விற்று வருகிறேன். என் அனுபவத்தில் நோயினால் சாகும் மீன்களை விட, அசுத்தத்தினால் சாகும் மீன்களை விட, துப்புரவாக்கும்போது சாகும் மீன்கள் அதிகம். நகைக்கடை, ஹோட்டல், சலூன், மருந்தகம் என்று இன்று தொட்டி இல்லாத வியாபார ஸ்தலம் குறைவு. எனவே இந்த வாரம் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

அழுக்கு ஸ்பொஞ்சில் இருக்கும் முதல்

மீன் தனது செவுள் வழியாகவும் கழிவின் மூலமும் அமோனியாவை வெளியிடுகிறது. அமோனியா மீனுக்குக் கடும் நஞ்சு. ஆனாலும் அது தொட்டிக்குள் உயிர் வாழ்கிறதென்றால், அந்த நஞ்சை வேறு யாரோ தின்கிறார்கள் என்று அர்த்தம். அவைதாம் ஸ்பொஞ்சிலும் சரளைக் கற்களிலும் ஒட்டியிருக்கும் நல்ல பற்றீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். மற்றொரு வகை அந்த நைத்திரைற்றை, மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளக்கூடிய நைத்திரேற்றாக மாற்றுகிறது. அந்த நைத்திரேற்றைத்தான் நாம் தண்ணீர் மாற்றி வெளியேற்றுகிறோம்.

இந்தப் பற்றீரியாக் கூட்டம் ஒரு புதிய தொட்டியில் முழுமையாக வளர்வதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் எடுக்கும். ஸ்பொஞ்சை வெள்ளையாகும் வரை கழுவுவது, ஆறு கிழமை உழைத்துச் சேர்த்த முதலை ஐந்து நிமிடத்தில் கானில் ஊற்றுவதற்குச் சமம். ஸ்பொஞ்சு மண்ணிறமாக இருப்பதுதான் இயல்பு. அதனூடாகத் தண்ணீர் தடையின்றி ஓடினால் போதும், வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை.

கம்பளையில் ஒரே நாளில் மீன்களைக் கொன்றவை குளோரீனும் சவர்க்காரமும் திடீர்த் தண்ணீர் மாற்றமும்தான். அவற்றிலிருந்து தப்பியிருந்தாலும், பற்றீரியா இல்லாத தொட்டியில் அடுத்தடுத்த நாட்களில் அமோனியா ஏறி மிச்சத்தையும் முடித்திருக்கும்.

குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமது நாட்டில் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை தரும் தண்ணீரில் கிருமிகளைக் கொல்வதற்காகக் குளோரீன் சேர்க்கப்படுகிறது. விநியோகிக்கப்படும் இடத்தில் ஒரு லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மனிதனுக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளையோ அதில் ஒரு சிறு பங்கே எரித்துவிடும். நல்ல பற்றீரியாவும் பற்றீரியாதான். குளோரீனுக்கு நல்லது கெட்டது தெரியாது. குழாய் நீரைத் திறந்த பாத்திரத்தில் 24 மணித்தியாலங்கள் வைத்தால், அல்லது எயார் ஸ்டோன் போட்டுச் சில மணித்தியாலங்கள் குமிழி விட்டால், குளோரீன் பெருமளவு பறந்துவிடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேற்று. கடைகளில் குளோரீன் நீக்கி என்று சிறு போத்தல்களில் விற்பது பெரும்பாலும் இதன் கரைசல்தான். பளிங்காக வாங்கினால் 100 லீற்றருக்கு ஒரு கிராம் தாராளம்.

தண்ணீரைத் தேக்கி வைப்பவர்கள் பாத்திரத்தின் வாயை நுளம்பு புகாத வலையால் மூட மறக்க வேண்டாம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு கிழமை அளவே போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் கடைக்காரருக்கும் பொருந்தும். மீன் வளர்க்கும் தண்ணீர் என்று சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தப்ப முடியாது.

நீண்ட நாள் கழுவாத தொட்டி

மாதக்கணக்காகத் தண்ணீர் மாற்றாத தொட்டியில் தண்ணீர் மெதுவாக அமிலமாகிக் கொண்டு போகும். மலைநாட்டுத் தண்ணீர் மென்மையானது என்பதால் அங்கே இது இன்னும் விரைவு. மீன்கள் அந்த மாற்றத்துக்குச் சிறிது சிறிதாகப் பழகிவிடும். அதுமட்டுமல்ல, அமிலத் தன்மையுள்ள நீரில் அமோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அமோனியம் என்ற வடிவில் அடங்கிக் கிடக்கும். அதற்குள் திடீரென நிறையப் புதுத் தண்ணீரை ஊற்றினால் பிஎச் ஏறும். அடங்கிக் கிடந்தது நஞ்சாக எழும்பும். 25 பாகை வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் நூற்றுக்கு அரை வீதமளவே நஞ்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது ஐந்து வீதத்தைத் தாண்டும். அதாவது பத்து மடங்கு. முழுத் தண்ணீரையும் மாற்றினால் அமோனியா போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பழகிய நீரிலிருந்து முற்றிலும் வேறான நீருக்குள் தூக்கிப் போடப்பட்ட அதிர்ச்சியே பல மீன்களைக் கொன்றுவிடும்.

ஆகவே இப்படிப்பட்ட தொட்டியை ஒரே நாளில் புதிதாக்க முயல வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை நூற்றுக்குப் பத்து வீதம் என்று மாற்றி, இரண்டு மூன்று கிழமைகளில் வழிக்குக் கொண்டு வாருங்கள். பெருநாளைக்குக் கடை பளபளக்க வேண்டுமென்றால் வேலையை ரமழான் பிறையோடு தொடங்க வேண்டும்.

கழுவும் முறை

முதலில் இரண்டு வாளிகளை வாங்கி, “மீனுக்கு மட்டும்” என்று அழியாத மையினால் எழுதி வையுங்கள். நிலம் கழுவிய வாளியில் தங்கியிருக்கும் சவர்க்காரம் கண்ணுக்குத் தெரியாது. சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம், நிலம் துடைக்கும் வாசனைத் திரவம் எதுவும் மீனின் பக்கமே வரக்கூடாது. செவுளின் மீதுள்ள மெல்லிய பாதுகாப்புப் படலத்தை அவை கரைத்துவிடும். ஸ்பொஞ்சு, சரளை, மரக்கட்டை போன்றவை சவர்க்காரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பல நாட்களுக்குக் கசியவிடும்.

வேலை தொடங்கும் முன் எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்துவது மட்டும் போதாது. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கையோ தண்ணீருக்குள் இருக்கிறது. கடையில் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்வதும் நல்லது. பம்ப் வயர்கள் பிளக்குக்குப் போகும் வழியில் ஒரு முறை கீழே தொங்கி மேலேறினால், வயர் வழியே வடியும் நீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். ஹீற்றர் இருந்தால் நிறுத்திய பின் அரை மணித்தியாலம் தண்ணீரிலேயே ஆற விடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்தால் கண்ணாடி வெடிக்கும். உண்மையில் நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிர்ப் பிரதேசங்களைத் தவிர நம் நாட்டில் ஹீற்றர் தேவைப்படும் இடங்கள் குறைவு. கொழும்பில் ஹீற்றர் வாங்க வருபவரிடம் நான் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். ஒரு விற்பனை போகும். ஆனால் ஆள் திரும்பி வருவார்.

மீன்களை வெளியே எடுக்க வேண்டாம். வலையால் துரத்திப் பிடிப்பதே அவற்றுக்குப் பெரும் அதிர்ச்சி. முதலில் கண்ணாடியின் உட்புறப் பாசியைச் சுரண்டுங்கள். காலாவதியான வங்கி அட்டை ஒன்று போதும். பிளேட் பாவிப்பதென்றால் மூலைகளில் உள்ள சிலிக்கனைத் தொடாமல் பாவியுங்கள். தொட்டியின் ஆயுள் அந்த ஒட்டில்தான் இருக்கிறது. அக்ரிலிக் தொட்டிக்குப் பிளேட் ஆகவே ஆகாது. காந்தத் துடைப்பான் பாவிப்பவர்கள் அதற்கிடையில் ஒரு மணல் துணிக்கை கூடச் சிக்காமல் பார்க்க வேண்டும். விழும் கீறல் என்றைக்கும் போகாது.

பிறகு சைபன் குழாயால் சரளைக்குள் இருக்கும் கழிவை உறிஞ்சி, தொட்டி நீரில் நாலில் ஒரு பங்கை வாளிக்கு எடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். குழாயைத் தொட்டிக்குள் முழுதாக மூழ்கடித்து நீர் நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே கொண்டுவந்தால் தானாக ஓடும். சரளைக்கடியில் கறுப்புத் திட்டுகளும் கூழ்முட்டை நாற்றமும் இருந்தால் அந்த இடத்தை ஒரேயடியாகக் கிளறாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு மூலை என்று எடுங்கள். அங்கே உருவாகியிருக்கும் வாயுவும் மீனுக்கு நஞ்சு.

இப்போது வாளியில் இருக்கும் அந்த அழுக்குத் தொட்டி நீர்தான் ஸ்பொஞ்சைக் கழுவ மிகச் சிறந்தது. அதற்குள் ஸ்பொஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்து எடுங்கள். அவ்வளவுதான். இரண்டு ஸ்பொஞ்சு இருந்தால் ஒன்றை இன்றும் மற்றதை இரண்டு கிழமை கழித்தும் கழுவுங்கள். சரளையை ஆழமாகக் கழுவிய அதே நாளில் பில்டரைத் தொட வேண்டாம். பிய்ந்துபோன ஸ்பொஞ்சை மாற்றுவதென்றால் புதியதைப் பழையதோடு சேர்த்து ஒரு மாதம் ஓட விட்டுப் பிறகு பழையதை எடுங்கள்.

பில்டர் மோட்டாரின் உள்ளே காந்தத்தோடு சுழலும் சிறிய விசிறி ஒன்று உண்டு. மோட்டார் பழுது என்று என்னிடம் வருபவற்றில் பாதிக்கு அந்த விசிறியில் வழுவழுப்பான அழுக்கு சுற்றியிருப்பதுதான் காரணம். கழற்றி, அந்தக் குழியையும் விசிறியையும் பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துவிட்டால் மோட்டார் பழையபடி ஓடும். எயார் பம்பை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லையேல் மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் பின்வாங்கிப் பம்புக்குள் வரும்.

புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் பிரதேசங்களின் கிணற்று நீர் கடினமானது. அங்கே கண்ணாடி விளிம்பிலும் பில்டர் வாயிலும் வெள்ளைப் படை கட்டும். அதற்கு மருந்து வினாகிரிதான். கழற்றிய பாகத்தை வினாகிரியில் ஒரு மணித்தியாலம் ஊற வைத்துத் தேய்த்து, நன்றாக அலசிவிட்டுப் போடலாம். தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தாலும் போகும். கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைக்கும்போது கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தொட்டியின் மீது விசிறாதீர்கள். அவற்றில் பலவற்றில் அமோனியா உண்டு. ஈரத் துணியே போதும்.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ‘டேங்க் கிளீனர்’ மீன் ஒன்றை வாங்கிப் போட்டால் அது துப்புரவாக்கும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அது கொஞ்சம் பாசி தின்னும், அதைவிடக் கூடுதலாகக் கழிவு போடும். ஓர் அடிக்கு மேல் வளர்ந்த பின் இடமில்லாமல் கால்வாயில் விடுவார்கள். இன்று நம் நாட்டு நீர்நிலைகளில் அது ஒரு ஆக்கிரமிப்பு இனமாகப் பரவியிருப்பது இப்படித்தான்.

நான் செய்த பிழை

நோய் வந்த தொட்டியின் உபகரணங்களுக்கு மேலே சொன்ன முறை போதாது. இதை நான் நட்டப்பட்டே கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் மாதச் சந்தாவுக்குக் கடை கடையாகச் சென்று தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையைத் தொடங்கினேன். ஒரு பையில் ஒரு வலை, ஒரு சைபன் குழாய், ஒரு சுரண்டி. ஒரு நாள் முதற் கடைத் தொட்டியில் மீன்கள் கற்களில் உடம்பைத் தேய்ப்பதைக் கண்டும் கவனிக்காமல், அதே ஈர வலையோடு இன்னும் இரண்டு இடங்களுக்குப் போனேன். ஒரு கிழமைக்குள் மூன்று தொட்டிகளிலும் வெண்புள்ளி நோய். இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் எப்படி வந்ததென்று தெரியாது. எனக்குத் தெரியும். ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியைப் பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இருவரிடமும் உண்மையைச் சொல்லி, மீன்களுக்குப் பதில் மீன் கொடுத்தேன். அந்த மாதச் சந்தா வருமானம் முழுவதும் அதிலேயே போனது. ஒருவர் இன்றும் என் வாடிக்கையாளர். மற்றவர் விலகிக்கொண்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு ஒரு தொட்டிக்கு ஒரு வலை. அந்த வலை அந்தக் கடையிலேயே இருக்கும். பொதுவாகப் பாவிக்க வேண்டியவற்றைக் கிருமி நீக்குகிறேன். வாசனையோ சவர்க்காரமோ கலக்காத, 5 வீதச் செறிவுள்ள சாதாரண பிளீச் ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணீர். அதில் 15 நிமிடம் ஊற வைத்து, நன்றாக அலசி, தயோசல்பேற்றுக் கூடுதலாகப் போட்ட தண்ணீரில் இன்னும் சிறிது நேரம் ஊற வைத்து, வெயிலில் மொறுமொறுவெனக் காய விட வேண்டும். குளோரீன் மணம் துளியும் இருந்தால் திரும்பவும் ஊற வையுங்கள். காய்வதே பாதி மருந்து. வெண்புள்ளி ஒட்டுண்ணி ஈரமில்லாமல் பிழைக்காது. ஸ்பொஞ்சையும் மரக்கட்டையையும் பிளீச்சில் போடுவதை நான் விரும்புவதில்லை. நோய்த் தொட்டியின் ஸ்பொஞ்சை எறிந்துவிடுவதே மலிவு. கற்களை அடுப்பில் வைத்து அவிக்க வேண்டாம். உள்ளே ஈரமுள்ள கல் வெடிக்கக்கூடும்.

பிளீச்சையும் வினாகிரியையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. குளோரீன் வாயு கிளம்பி மனிதனின் நெஞ்சையே பாதிக்கும். கடைப் பொடியன்மாரிடம் இரண்டு போத்தலையும் கொடுப்பவர்கள் இதை வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடவும் கூடாது. மீன் தொட்டிகளில் வாழும் ஒரு வகைப் பற்றீரியா காயத்தின் வழியே புகுந்து மாதக்கணக்கில் ஆறாத தோல் புண்ணை உண்டாக்கும்.

பாவித்த தொட்டியோ பில்டரோ விற்பவர்கள், அதில் நோய் இருந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு

கடை பூட்டும்போது கரப்பானுக்கும் நுளம்புக்கும் மருந்து அடிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. எயார் பம்ப் அறையின் காற்றைத்தான் தண்ணீருக்குள் செலுத்துகிறது. அந்த மருந்துகளில் உள்ள பைரித்ரொயிட் வகை நஞ்சு மனிதனுக்குச் சிறிது, மீனுக்கோ மிகக் கொடியது. காலையில் செத்துக் கிடக்கும் மீனைப் பார்த்துவிட்டுத் தொட்டி கழுவியவனை ஏசுவார்கள். மருந்து அடிப்பதென்றால் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடி, காற்றோட்டம் வந்த பிறகே திறக்க வேண்டும். டெங்குப் புகை அடிக்க வரும்போதும் இதே முறைதான்.

அடுத்தது மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடே இருண்டது. மூடிய பில்டர் பல மணித்தியாலம் ஓடாமல் நின்றால் உள்ளே ஒட்சிசன் தீர்ந்து, பற்றீரியா செத்து, தண்ணீர் கெட்டுவிடும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகிய நீர் அப்படியே தொட்டிக்குள் வரும். எனவே நீண்ட மின்வெட்டுக்குப் பின் பில்டரைத் திறந்து, உள்ளிருக்கும் நீரை வெளியே ஊற்றி, ஸ்பொஞ்சைத் தொட்டி நீரில் பிழிந்துவிட்டே ஓட விடுங்கள்.

ஏற்கெனவே ஸ்பொஞ்சைக் குழாயில் கழுவிவிட்டீர்களா? மீன் இன்னும் உயிரோடு இருந்தால் இரண்டு மூன்று நாளைக்குத் தீனி போடாதீர்கள். பட்டினியால் சாகாது, கழிவு குறையும். தினமும் நாலில் ஒரு பங்கு நீரைக் குளோரீன் நீக்கிய நீரால் மாற்றுங்கள். 10 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி கட்டி உப்பைக் கரைத்து விட்டால் நைத்திரைற்றின் பாதிப்புக் குறையும். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓர் அழுக்கு ஸ்பொஞ்சு கேட்டு வாங்கி உங்கள் பில்டருக்குள் வையுங்கள். அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கம்பளைச் சகோதரருக்கும் அதைத்தான் செய்தேன். பெருநாள் முடிந்து ஒரு கிழமையில், என் கடைத் தொட்டியின் மண்ணிற ஸ்பொஞ்சு ஒன்றைப் பொலித்தீன் பையில் தொட்டி நீரோடு கட்டி, கண்டி போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். தொட்டியை வெறும் நீரால் பல தடவை அலசி, ஆறு கப்பி மீன்களோடு மட்டும் தொடங்கச் சொன்னேன். ஒஸ்கார் எப்போது வாங்கலாம் என்று இரண்டாம் கிழமையே கேட்டார். இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். போன வாரம் மறுபடியும் பேசினார். கப்பிகள் குட்டி போட்டுவிட்டனவாம். கடைப் பொடியன் ஸ்பொஞ்சு ஊத்தையாக இருக்கிறது, கழுவவா என்று கேட்கிறானாம்.

“தொட வேணாம் எண்டு சொல்லுங்க” என்றேன்.